முறுக்கை வேண்டாம் என்ற பாட்டி

வியன்னாவில் முதல் மூன்று நாள் நான் வாய் திறந்து பேசியது மொத்தம் நான்கு பேரிடம். பயணிகள் தங்கும் ஹாஸ்டல் வரவேற்பில் இருந்த பையன், ரொட்டிக் கடைப் பெண், அருங்காட்சியகத்தில் பையை வாங்கி வைத்தவர், அப்புறம் தொலைபேசியில் என் கணவர். கடைசி ஆளைக் கணக்கில் சேர்ப்பதா என்பதே சந்தேகம்.

எனக்கு அப்போது 47 வயது. மதுரையில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மகள் கல்லூரி விடுதிக்குப் போன வருடம், 2023 செப்டம்பரில், 24 நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு முதுகுப்பையோடு தனியாகக் கிளம்பினேன். துணைக்கு யார் என்று கேட்காத உறவினர் இல்லை. “ரயிலில் ஏறினால் துணை தானாக வந்துவிட்டுப் போகிறது” என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். அந்தத் தைரியம் வைகை எக்ஸ்பிரஸ் கொடுத்தது. மதுரையில் ஏறி உட்கார்ந்தால், திண்டுக்கல் வருவதற்குள் எதிர் இருக்கைக்காரரின் மகள் எங்கே வேலை பார்க்கிறாள், அவருக்குச் சர்க்கரை எவ்வளவு என்பதெல்லாம் தெரிந்துவிடும். திருச்சியில் அவருடைய இட்லிப் பொட்டலம் நம் மடியில் இருக்கும்.

வியன்னாவிலிருந்து ஹங்கேரியின் புடாபெஸ்டுக்கு இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். பெட்டி நிறைய ஆள். ஆனால் அதில் கேட்ட ஒரே சத்தம் என்னுடையது. ஸ்பீக்கரைப் போட்டுக் கணவரோடு பேசிக்கொண்டிருந்தேன். முன் இருக்கைக்காரர் எழுந்து நின்று, ஒன்றும் சொல்லாமல், ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினார். உதட்டின் மேல் விரல் வைத்த படம். அமைதிப் பெட்டியில் ஏறியிருக்கிறேன்! ஆஸ்திரியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ரயில்களில் இப்படி ஒரு பகுதியை ஒதுக்கி வைத்திருப்பார்கள். தூங்குவதற்கு அருமையான இடம். ஆள் பழகுவதற்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. ஏறுவதற்கு முன் கண்ணாடியைப் பாருங்கள்.

என் பையில் அம்மா சுட்டுக் கொடுத்த முறுக்கு இரண்டு கிலோ இருந்தது. பால், இறைச்சி சேர்ந்த பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால் வெண்ணெய் சேர்க்காமல் சுடச் சொல்லியிருந்தேன். அதுதான் என் திட்டமே. ஹாஸ்டலில் எல்லோருக்கும் கொடுப்பேன், பேச்சு தொடங்கும், நட்பு வளரும். புடாபெஸ்ட் ஹாஸ்டலின் பொதுச் சமையலறை மேசையில் ஒரு தட்டு நிறைய வைத்து, ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று ஆங்கிலத்தில் எழுதியும் வைத்தேன். இரண்டு நாளில் இரண்டே முறுக்கு குறைந்திருந்தது. அதில் ஒன்று நான் எடுத்தது.

இரண்டாம் நாள் இரவு கொண்டைக்கடலை டப்பா ஒன்றோடு போராடிக்கொண்டிருந்தேன். டப்பா திறக்கும் கருவி இருந்தது. அது எந்தப் பக்கம் பிடித்தாலும் வழுக்கியது. நாமெல்லாம் ‘யாரிடமும் போய் நிற்காதே’ என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள். பத்து நிமிடம் மல்லுக்கட்டியபிறகு, வேறு வழியில்லாமல் பக்கத்தில் முட்டை பொரித்துக்கொண்டிருந்த பிரேசில் பையனிடம் நீட்டினேன். ஒரு திருகு, திறந்துவிட்டது. ஆனால் அவன் போகவில்லை. இதை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டான். சுண்டல் என்றேன். தாளிக்கும்போது கடுகு வெடித்த சத்தத்துக்கு இன்னும் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அன்று இரவு அந்த மேசையில் நாங்கள் நான்கு பேர், பதினொன்றரை மணி வரை.

முறுக்கை ஏன் யாரும் தொடவில்லை என்று அவனிடமே கேட்டேன். “யார் வைத்தது, எதனால் செய்தது என்று தெரியாமல் எப்படிச் சாப்பிடுவது?” என்றான். ஒவ்வாமை உள்ளவர்கள் அங்கே அதைப் பெரிதாகப் பார்ப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவுப் பொருள்களில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் எள்ளும் உண்டு. என் முறுக்கில் எள் இருந்தது. அரிசி மாவு, உளுந்து, எள், எண்ணெய் என்று ஒரு சீட்டு எழுதியிருந்தால் தட்டு காலியாகியிருக்கும். சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் இந்தச் சீட்டை மறக்காதீர்கள்.

இன்னொரு விஷயத்தையும் அந்தப் பையன்தான் சொன்னான். செக் தலைநகர் பிராகாவுக்குப் போகும் ரயிலைப் பிடிக்க நான் புடாபெஸ்டின் கெலெட்டி நிலையத்துக்குப் போவதாக இருந்தேன், வியன்னாவிலிருந்து வந்து இறங்கியது அங்கேதான் என்பதால். பிராகா ரயில் நியுகாட்டியிலிருந்து கிளம்பும் என்றான். ஐஃபெல் கோபுரம் கட்டிய அதே ஐஃபெலின் கம்பெனி 1877-இல் கட்டி முடித்த நிலையம் அது. டப்பாவைத் திறக்கச் சொல்லிக் கேட்காதிருந்தால் மறுநாள் காலை நான் நகரத்தின் தவறான மூலையில் நின்றிருப்பேன்.

நியுகாட்டியில் நான் ஏறிய பெட்டி பழைய பாணி. ஒரு பக்கம் நடைவழி, மறுபக்கம் கண்ணாடிக் கதவு வைத்த சிறு அறைகள், அறைக்கு ஆறு இருக்கை. புடாபெஸ்டிலிருந்து பிராகாவுக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம். அறையில் ஜன்னலோரம் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி மட்டும் இருந்தார். நான் கதவைத் தள்ளியதும் நிமிர்ந்து, “தோப்ரீ தென்” என்றார். செக் மொழியில் வணக்கம். அந்தப் பக்கத்து ரயில்களில் இது எழுதப்படாத சட்டம்: அறைக்குள் நுழைகிறவர் வணக்கம் சொல்ல வேண்டும், இறங்கும்போது விடைபெற வேண்டும். மற்றபடி ஏழு மணி நேரமும் பேசாமல் வரலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் உட்கார்ந்தால்தான் தவறு. போகிற நாட்டின் வணக்கச் சொல் ஒன்றையாவது ஏறுவதற்கு முன் மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள்.

ரயில் கிளம்பி டான்யூப் நதிக் கரையோரம் வடக்கே போகிறது. நதி இடது பக்கம் வரும், இருக்கையைப் பார்த்துப் பிடியுங்கள். நான் பழக்கதோஷத்தில் முறுக்கை எடுத்து நீட்டினேன். பாட்டி உள்ளங்கையைக் காட்டி மறுத்துவிட்டார். கோபமில்லை, சிரிப்புமில்லை. சிறிது நேரம் கழித்து அவர் தன் டப்பாவைத் திறந்து, ரொட்டிக்கு நடுவே பொரித்த இறைச்சி வைத்ததை என் பக்கம் நகர்த்தினார். நான் சைவம். உள்ளங்கையைக் காட்டினேன். எஸ்டர்கோம் பேராலயத்தின் குவிமாடம் நதிக்கு அக்கரையில் தெரிந்தபோது இருவரும் ஒருவருக்கொருவர் மறுத்து முடித்து, கணக்கு நேராகி, வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் மடியில் ஒரு காகிதப் பையில் கருநீலப் பழங்கள் இருந்தன. நாவல் பழம் பெரிதாக வளர்ந்தது போல, மேலே சாம்பல் பூத்திருந்தது. பார்த்துப் பார்த்துக் கடைசியில் கேட்டேவிட்டேன். கைப்பேசியில் செக் மொழியை இணையமில்லாமலும் வேலை செய்யும்படி முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தேன். “இது என்ன பழம்? எனக்கு ஒன்று கிடைக்குமா?” திரையைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் படித்தவர் முகம் அப்படியே மாறியது. ஒன்றல்ல, நான்கு எடுத்து, கைக்குட்டையில் ஒவ்வொன்றாகத் துடைத்து, கொட்டையை எப்படிப் பிரிப்பது என்று கட்டைவிரலால் கீறிக் காட்டிக் கொடுத்தார். பிளம்ஸ், அவர் தோட்டத்து மரத்தில் பறித்து, புடாபெஸ்டில் இருக்கும் மகளுக்குக் கொண்டுபோய் மீந்தது. நான் இரண்டாவது பழத்தைச் சாப்பிடும்போது அவராகவே என் முறுக்குப் பொட்டலத்தைச் சுட்டிக் காட்டினார். ஒரு முனையை ஒடித்து வாயில் போட்டவர், அந்தச் சத்தத்துக்கே சிரித்தார்.

ஸ்லோவாக்கியாவின் பிராத்திஸ்லாவாவில் ஒரு மாணவன் ஏறினான், செக் நகரமான பர்னோ வரைக்கும். ஆங்கிலம் தெரிந்தவன். பாவம், அவனுக்கு ஒன்றரை மணி நேரம் மொழிபெயர்ப்பு வேலை. பர்னோ நெருங்கும்போது பாட்டி அவனிடம் ஏதோ சொன்னார். அவன் கொஞ்சம் கூச்சப்பட்டு, “இதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை” என்று தொடங்கினான். செக் மொழியில் ஒருவரை அழைக்க இரண்டு சொல் உண்டாம். தெரியாதவருக்கு ‘வி’, நெருங்கியவருக்கு ‘தி’. “இவர் உங்களிடம் இனிமேல் ‘தி’ என்று பேசிக்கொள்ளலாமா என்று கேட்கிறார். பெரியவர்கள்தான் இதைக் கேட்க வேண்டும், நீங்கள் கேட்கக் கூடாது.” இதை விளக்க ஆங்கிலத்தில் அவனுக்கு வழியில்லை. எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. நீங்கள் என்பதிலிருந்து நீ என்பதற்கு வருவது எவ்வளவு பெரிய தூரம் என்று தமிழ் பேசுகிறவளுக்குத் தெரியாதா? நம் ஊரில் அது எப்போது நடந்தது என்றே தெரியாமல் நடந்துவிடும். அங்கே அனுமதி கேட்டு, தலையசைத்து, கை குலுக்கி நடக்கிறது. கை குலுக்கினோம்.

பர்துபீட்சே நிலையத்தில் அவர் இறங்கினார். வழியில் ஏறியிருந்த மற்றவர்களைப் பார்த்து முறைப்படி விடைபெற்றார். என்னைப் பார்த்து மட்டும், “அஹோய்!” நெருங்கியவர்களுக்குச் சொல்வது.

அதற்குப்பிறகு என் திட்டத்தை மாற்றிக்கொண்டேன். கொடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தேன். சின்னச் சின்னதாக. இந்த ஜன்னலை எப்படித் திறப்பது, இந்த ஊர்ப் பெயரை எப்படி உச்சரிப்பது, இந்தப் பாலாடைக்கட்டியில் எது காரமில்லாதது. முன்பின் தெரியாதவர் கொடுத்தால், திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று அவர்கள் தயங்குகிறார்கள். கேட்டால் தயங்குவதில்லை, தன் ஊரைப் பற்றி ஒருத்தி கேட்கிறாள் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் கேள்விக்கும் எல்லை உண்டு. வயது, சம்பளம், ‘ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை’ மூன்றையும் நான் நாக்கைக் கடித்துக்கொண்டு விழுங்கினேன். மூன்றாவது ரொம்பச் சிரமம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரு பெரிய நிலையத்தில் டிக்கெட் இயந்திரத்தின் முன் நின்றபோது ஓர் ஆள் தானாக வந்து, நான் கேட்காமலே பொத்தான்களை அழுத்தி உதவினான். பிறகு என் முதுகுப்பையை வாங்கப் பார்த்தான், பிறகு பத்து யூரோ கேட்டான். பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தமிழில் உரக்க நாலு வார்த்தை சொன்னேன்; போய்விட்டான். நாமாகத் தேர்ந்தெடுத்துக் கேட்கிற ஆள் வேறு, தானாக வந்து ஒட்டிக்கொள்கிற ஆள் வேறு. முன்னவர்களில் ஒருவர்கூட என்னை ஏமாற்றவில்லை. கடவுச்சீட்டும் பணமும் எப்போதும் இடுப்புப் பையில், உடைக்குள். எந்த ஹாஸ்டல் என்று கேட்டால், “நிலையத்துக்குப் பக்கம்” என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

வியன்னாவிலிருந்து ஸ்லோவேனியாவின் லுப்லியானாவுக்குப் போகும் பாதையில் செம்மெரிங் மலைப் பாதை வருகிறது. 1854-இல் திறந்தது, 1998-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதைப் பார்ப்பதற்காகவே அந்த ரயில். பாலங்களும் குகைகளும் முடிந்து, மலை இறங்கி வெகுதூரம் போனபிறகு ஒரு சின்ன நிலையத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். தண்டவாளத்தில் வேலை நடக்கிறது, இங்கிருந்து பஸ். அறிவிப்பு ஜெர்மனில். எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற ஆஸ்திரிய மாணவனிடம் கேட்டேன். “ஷீனென்எர்ஸாட்ஸ்ஃபெர்கேர்” என்றான். ரயிலுக்குப் பதில் விடப்படும் பஸ்ஸுக்கு அத்தனை நீளப் பெயர். திரும்பச் சொல்லிப் பார்த்தேன், உளறினேன். எங்களுக்குப் பின்னால் நின்ற போர்ச்சுகல் செவிலியர் சொல்லிப் பார்த்தார், அவரும் உளறினார். கொரியாவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் முதல் தடவையிலேயே சரியாகச் சொல்லிவிட்டார். பஸ் வர ஐம்பது நிமிடம் ஆயிற்று. அந்த ஐம்பது நிமிடமும் அந்த ஒரு வார்த்தையை வைத்தே ஓட்டினோம்.

ரயில் சரியான நேரத்துக்குப் போயிருந்தால் இந்த நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க மாட்டோம். தாமதமான ரயில்தான் வைகை எக்ஸ்பிரஸ் ஆகிறது.

லுப்லியானாவில் நான் தங்கியது ஒரு பழைய ராணுவச் சிறை. 2003-இல் ஹாஸ்டலாக மாற்றியிருக்கிறார்கள்; பெயரே செலிட்சா, சிறை அறை என்று பொருள். அறை வாசலில் கம்பிக் கதவு அப்படியே இருக்கிறது. “சிறையில் இருக்கிறேன், நாளை பேசுகிறேன்” என்று கணவருக்குச் செய்தி அனுப்பிவிட்டு கைப்பேசியை சார்ஜில் போட்டேன். அதன் விளைவுகளை இங்கே எழுதவில்லை.

மறுநாள் நால்வரும் ஆற்றங்கரையில் காபி குடித்தோம். நான் முந்திக்கொண்டு நான்கு பேருக்கும் பணம் கொடுத்தேன். நம் வழக்கம். ஆஸ்திரியப் பையன் முகம் வாடிவிட்டது. இரண்டு யூரோ சில்லறையை மேசையில் வைத்தான்; நான் தள்ளினேன்; அவன் திரும்ப வைத்தான். இது பெருந்தன்மையா, சண்டையா என்று பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது. மறுநாள் அவன் என் காபிக்குப் பணம் கொடுத்தபிறகுதான் பழைய சிரிப்பு வந்தது. அவரவர் பங்கை அவரவர் கொடுப்பது அங்கே அவமதிப்பு இல்லை; அடுத்த தடவையும் சேர்ந்து உட்காரலாம் என்பதற்கான வழி. அதேபோல், பத்து மணி என்றால் பத்து மணி. பத்தேகாலுக்குப் போனபோது செவிலியர் மட்டும் எனக்காகக் காத்திருந்தார்.

கொரிய ஆசிரியையும் நானும் நன்றாக ஒட்டிக்கொண்டோம். தமிழிலும் கொரிய மொழியிலும் அம்மா, அப்பா என்ற சொற்கள் ஒத்திருப்பதைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே நிறையப் படித்திருப்பீர்கள், அதை விட்டுவிடுகிறேன். எங்களுக்குப் பிடித்துப்போனது ஸ்லோவேனிய மொழி. அதில் ஒருமை, பன்மைக்கு நடுவே இரண்டு பேருக்கென்று தனி வடிவம் இருக்கிறது. நாங்கள் இரண்டு பெண்கள் என்பதற்கு ஒரே சொல், ‘மீத்வே’. ஹாஸ்டல் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். பதிலுக்கு நான் அவளுக்கு நாமையும் நாங்களையும் சொல்லிக்கொடுத்தேன். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், விட்டுவிட்டால் நாங்கள். “அப்படியானால் நீங்கள் ஒரே சொல்லில் ஒருவரைக் கழற்றிவிட முடியுமா?” என்று கேட்டாள். முடியும், குடும்ப விசேஷங்களில் தினமும் நடக்கும் என்றேன்.

என்னிடம் இருந்தது யூரெயில் பாஸ், ஐரோப்பிய ரயில்களுக்கான பொது டிக்கெட். ஒரு மாதத்துக்குள் ஏழு நாள் பயணம் செய்யலாம். 33 நாடுகளில் செல்லும். நான் போன ஊர்களுக்கு முன்கூட்டியே தனித்தனி டிக்கெட் வாங்கியிருந்தால் மலிவாகவே முடிந்திருக்கும், உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் முன்கூட்டி வாங்கும் மலிவு டிக்கெட் அந்த ரயிலோடு கட்டிப்போட்டுவிடும். கொரிய ஆசிரியை, “நான் வெள்ளிக்கிழமை இரவு ரயிலில் சூரிச் போகிறேன், வருகிறாயா?” என்று கேட்டபோது என்னால் சரி என்று சொல்ல முடிந்தது பாஸினால்தான். நண்பர்கள் வேண்டுமென்றால் பயணத் திட்டத்தில் நாலைந்து நாளையாவது எதுவும் எழுதாமல் வெறுமையாக விடுங்கள். இரவு ரயில் என்றால் புறப்படும் நாள் ஒன்றுதான் பாஸில் கழியும். படுக்கைக்குத் தனியாக முன்பதிவுக் கட்டணம் உண்டு.

சாகிரெப்பிலிருந்து வந்து லுப்லியானா வழியாக சூரிச் போகும் அந்த ரயிலில் அறைக்கு ஆறு படுக்கை. மூன்று அடுக்கு, இரண்டு பக்கம். நம் ஊர் நடு பெர்த் பிரச்சினை அங்கேயும் அப்படியே இருக்கிறது: எப்போது தூக்குவது, யாருக்குத் தூக்கம் வருகிறது, யார் இன்னும் சாப்பிடவில்லை. இதில் எனக்கு முப்பது வருட அனுபவம். பத்து மணிக்குத் தூக்கலாமா என்று கேட்டுக் கை தூக்கச் சொன்னேன். ஐந்து கை எழுந்தது. பொதுப் படுக்கை அறைகளுக்கும் இதையே சொல்வேன்: விடியற்காலை ஐந்து மணிக்குப் பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று கட்டுகிறவரை யாரும் மன்னிப்பதில்லை. இரவே கட்டி வையுங்கள், துணிப் பையில். ஒரு சின்னப் பூட்டும் காதடைப்பானும் கொண்டுபோங்கள்.

சூரிச்சிலிருந்து கூர் போய், அங்கிருந்து பெர்னினா பாதையில் இத்தாலியின் திரானோ வரை சேர்ந்தே போனோம். பெரிய கண்ணாடி ஜன்னல்கள் வைத்த சுற்றுலா ரயிலுக்கு முன்பதிவு வேண்டும். அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண ரயிலுக்கு வேண்டாம், சில பெட்டிகளில் ஜன்னலும் திறக்கும். 2,253 மீட்டர் உயரத்துக்கு ஏறி, பிறகு புரூசியோவில் தன் வாலைத் தானே பார்ப்பது போல ஒரு வட்டப் பாலத்தில் சுற்றி இறங்குகிறது. அந்த இடத்தில் பெட்டியில் இருக்கிற எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பார்கள். எட்டிப் பார்க்க என் உயரம் பத்தாமல் நின்றபோது, ஒரு சுவிஸ் கிழவர் என் கைப்பேசியை வாங்கிப் படம் பிடித்துக் கொடுத்தார். கேட்டேன், கொடுத்தார்.

ஊர் திரும்பியபோது என் நோட்டில் பதினோரு பேர் பெயர் இருந்தது, அவரவர் கையெழுத்தில், அவரவர் எழுத்தில். இப்போது எழுதுகிறவர்கள் மூன்று பேர். மற்ற எட்டுப் பேர் மேல் எனக்கு வருத்தமில்லை. பிரேசில் பையன் ஒரு டப்பாவைத் திறந்து கொடுத்தான், அவன் வேலை அத்தோடு முடிந்தது. ஆஸ்திரிய மாணவன் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறான், தேதி தவறாமல். கொரிய ஆசிரியை அனுப்பும் செய்தியெல்லாம் ‘மீத்வே’ என்றுதான் தொடங்கும்.

மூன்றாவது பர்துபீட்சே பாட்டி. செப்டம்பர் வந்தால் பிளம்ஸ் வைத்துச் செய்த கொழுக்கட்டையின் படம் வரும், மேலே “அஹோய்”. போன வாரம் வந்த செய்தியைக் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். அரிசி மாவு அவர் ஊரில் கிடைக்கிறதாம், உளுந்தும் ஒரு கடையில் இருக்கிறதாம். அந்தச் சுருளை எதனால் பிழிகிறாய், எனக்கு ஒன்று வாங்கி அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறார். பித்தளையில் வாங்கினால் கனம், தபால் செலவு எகிறும்; மர அச்சு அந்தக் குளிருக்கு வெடித்துவிடுமோ என்று அம்மா பயப்படுகிறார். சனிக்கிழமை வெண்கலக்கடைத் தெருவுக்குப் போக வேண்டும்.